தட்டுக்கு ஒரு தடுக்கு

இயர் எண்டிங் முடிந்து இப்போதுதான் மூச்சு விடுகிறேன். ரொம்ப நாளாக எழுத நினைத்த ஒரு உலகப் பிரச்சினையை இன்றைக்கு எடுத்துக்கொள்கிறேன். சாப்பாட்டு மேசையில் தட்டுக்குக் கீழே மேட் போடணுமா, வேண்டாமா?

சிரிக்காதீங்க. இந்த மேட்டை வைத்து எங்கள் வீட்டில் ஒரு மாசம் பனிப்போரே நடந்தது.

புதிதாக வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் இருப்பது கேம்பல் பே. கிரேட் நிக்கோபார் தீவு. போர்ட் பிளேர் (2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம்) இருக்கிறதே, அதற்கும் தெற்கே ஐநூறு கிலோமீட்டருக்கு மேல். சென்னையைவிட சுமத்ரா எங்களுக்குப் பக்கம். 2023ல் மாற்றலாகி வந்தேன். வீட்டில் நான், தங்கமணி, எட்டாவது படிக்கிற பையன், அப்பா போன பிறகு எங்களோடு வந்துவிட்ட அம்மா. பெண் திருநெல்வேலியில் ஹாஸ்டலில் இருந்து பி.காம். படிக்கிறாள். (ஆமாம், அப்பா மாதிரியேதான். பாவம்.)

அடுத்த கதாபாத்திரம், எங்கள் சாப்பாட்டு மேசை. அந்தமான் படாக் மரம். மாற்றலாகிப் போன ஒரு அதிகாரியிடம் வாங்கினேன். செக்கச்செவேல் என்று இருக்கும். ஊருக்கு எடுத்துப் போக வேண்டுமானால் வனத்துறை அனுமதி வேண்டும். என் வாழ்க்கையில் நான் வாங்கிய ஒரே நல்ல மரச்சாமான் இதுதான் என்பதால் அதன் மேல் ஒரு கீறல் விழுந்தாலும் எனக்கு வலிக்கும்.

2025 ஜனவரியில் ஒரு பார்சல் கப்பலில் வந்து சேர்ந்தது. பெண் அங்கிருந்தே ஆர்டர் போட்டு அனுப்பியிருந்தாள். ஆறு பிளாஸ்டிக் மேட். ஒவ்வொன்றிலும் பாதியாக நறுக்கிய எலுமிச்சம்பழப் படம். 2020ல் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்தபோது "ஆஹா, இனி வீடியோ கால் தெளிவா வரும்" என்று சந்தோஷப்பட்டவர்கள் இந்த ஊர்க்காரர்கள். எலுமிச்சம்பழமும் அதே கேபிள் வழியாகத்தான் வரும் என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை.

எனக்குப் பார்த்ததுமே பிடிக்கவில்லை. நம் ஆட்களுக்கு எதையும் மூடி வைக்கிற வியாதி உண்டு. சோபாவுக்கு உறை, உறைக்கு மேலே துண்டு. டி.வி. ரிமோட்டுக்கு பாலிதீன் பை. புதுக் கார் வாங்கினால் சீட்டு மேலே இருக்கிற கண்ணாடித்தாளை மூணு வருஷத்துக்குக் கிழிக்க மாட்டோம். சாமானை வாங்கி உறையை அனுபவிக்கிற ஜாதி நாம். ஆசையாக வாங்கின மேசையை எலுமிச்சம்பழத்தால் மூடினால் மேசை எதற்கு? "ஒரு ஈரத்துணி எடுத்துத் துடைச்சா போச்சு, இதுக்குப் போய் மேட்டா?" என்றேன்.

"புள்ள ஆசையா அனுப்பியிருக்கா. சும்மா இருங்க" என்றார் தங்கமணி. இருந்தேன்.

ரெண்டே வாரத்தில் விபத்து. செய்தது அடியேன்தான். ஞாயிற்றுக்கிழமை, பசி வேகம், அடுப்பிலிருந்து சாம்பார்க் குக்கரை எடுத்து அப்படியே எலுமிச்சம்பழத்தின் மேல் வைத்துவிட்டேன். மேட் இருக்கிறதே என்ற தைரியம். சாப்பிட்டு முடித்து மேட்டை எடுத்தால் வரவில்லை. கொஞ்சம் இழுத்த பிறகு வந்தது, வார்னிஷையும் கூட்டிக்கொண்டு. படாக் மேசையின் நடுவில் வெள்ளையாக ஒரு வட்டம்.

பிறகு ஊர்த் தச்சர் ஒருவரிடம் கேட்டும், அங்கே இங்கே படித்தும் தெரிந்துகொண்டது இது. இந்த மெத்தென்ற பிளாஸ்டிக் மேட் பெரும்பாலும் பி.வி.சி. அது வளைந்து கொடுப்பதற்காக எண்ணெய் மாதிரி ஒரு பொருளைச் சேர்க்கிறார்கள். சூடு பட்டால் அந்த எண்ணெய் கசிந்து வார்னிஷையும் இளக்கிவிடும். இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சூடே படாவிட்டாலும் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் கிடந்தால் ஒட்டும். இன்னொன்று: மேசையில் வெள்ளைத் தடம் விழுந்தால் ஈரம் வார்னிஷுக்குள்ளேதான் நிற்கிறது, பெரும்பாலும் சரி செய்துவிடலாம். கருப்புத் தடம் என்றால் தண்ணீர் மரத்துக்குள்ளேயே போய்விட்டது, எடுப்பது கஷ்டம். எனக்கு விழுந்தது வெள்ளை. பிழைத்தேன்.

சூடான பாத்திரத்துக்குக் கீழே வைக்க வேண்டியது தட்டு மேட் இல்லை. அதற்கென்று நம் ஆச்சிமார்கள் வைக்கோலிலும் நாரிலும் வளையமாகப் பின்னி வைத்திருந்தார்களே, பிரிமணை! அது என்ன அருமையான சாமான். பானைக்கும் தரைக்கும் நடுவில் காற்றுப் போக இடம் விட்டுத் தாங்கும். இப்போது எங்கள் வீட்டில் தேங்காய் நாரில் ரெண்டு பிரிமணை இருக்கிறது. தேங்காய்க்குப் பஞ்சமில்லாத ஊர்.

சரி, கதைக்கு வருகிறேன். "பார்த்தியா, நான் அப்பவே சொன்னேன், மேட்டே வேண்டாம்னு" என்று குக்கர் வைத்தவனே வக்கீலாகவும் மாறினேன். தங்கமணி சண்டைக்கு வரவில்லை. கையில் இருந்த துணியை மேசை மேல் வைத்துவிட்டு அமைதியாகச் சொன்னார்:

"ஏங்க, முன்னாடி மேசையை மட்டும் துடைச்சேன். இப்ப மேசையையும் துடைக்கிறேன், எல்லாரோட மேட்டையும் துடைக்கிறேன். போடலாமா வேண்டாமான்னு நீங்களும் உங்க மகளும் பேசி முடிவு பண்ணிச் சொல்லுங்க."

அவ்வளவுதான். உள்ளே போய்விட்டார்.

நான் பேங்க்காரன். மனசு சரியில்லை என்றால் கணக்குப் போடுவேன். நாங்கள் நாலு பேர், மூணு வேளை. சின்ன ஊர், மதியமும் எல்லாரும் வீட்டுக்கே வந்துவிடுவோம். ஆக ஒரு நாளைக்கு 12 மேட். வருஷத்துக்கு 4,380. மேசை துடைப்பது நாளைக்கு மூணு தடவை, வருஷத்துக்கு 1,095. மொத்தம் 5,475 தடவை துடைப்பு. மேட் வருவதற்கு முன் 1,095. வந்த பின் 5,475. எல்லாம் ஒரே ஆளின் கை. வேலையைக் குறைக்க வந்த சாமான் வேலையை ஐந்து மடங்காக்கியிருக்கிறது. இதில் எலுமிச்சம்பழம் நல்லாயிருக்கா இல்லையா என்று நான் அபிப்பிராயம் வேறு சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

எங்கள் தொழிலில் சஸ்பென்ஸ் அக்கவுன்ட் என்று ஒன்று உண்டு. எந்தக் கணக்கில் வைப்பது என்று தெரியாத தொகையைத் தற்காலிகமாக அதில் போட்டு வைப்போம். பிறகு யாராவது உட்கார்ந்து அதைத் தீர்க்க வேண்டும். ஒரு குடும்பத்தின் சாப்பாட்டு மேசையும் அப்படித்தான். ரசம் சிந்தியது யார்? தெரியாது. கறிவேப்பிலையை ஒதுக்கித் தட்டுக்கு வெளியே வைத்தது யார்? நானில்லை. எல்லாம் சஸ்பென்ஸ். தீர்ப்பவர் மட்டும் நிரந்தரமாக ஒரே ஆள்.

அன்றைக்கு ராத்திரி அம்மாவிடம் இதைச் சொல்லிச் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

எங்களுக்கு அம்பாசமுத்திரம் பக்கம். என் சின்ன வயசில் வீட்டில் மேசை எல்லாம் கிடையாது. தரையில்தான் சாப்பாடு. தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் தடுக்கு போடுவார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன், தடுக்கு என்றால் ஓலையில் பின்னின சின்னப் பாய், ஒரு ஆள் உட்காரும் அளவு. "நீ தடுக்குல நுழைஞ்சா நான் கோலத்துல நுழைவேன்" என்று சொல்வோமே, அதே தடுக்கு. கல்யாண வீடு என்றால் நீளமாகப் பந்திப்பாய். வெள்ளைக்காரன் தட்டுக்குக் கீழே பாய் போட்டான், நாம் ஆளுக்குக் கீழே பாய் போட்டோம். ஆளுக்கு மரியாதை, சாப்பாட்டுக்கு வாழை இலை. இலையே தட்டு, இலையே மேட். சாப்பிட்டு முடித்தால் இரண்டும் மாட்டுக்கு. இதை விடச் சுலபமான ஏற்பாடு உலகத்தில் உண்டா என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"இலைய யாருய்யா எடுத்தா? சாப்பிட்ட இடத்த யாரு மெழுகுனா?" என்றார் அம்மா.

நான் பதில் சொல்லவில்லை.

"உங்க அப்பாவுக்குத் தடுக்கு போட்டேன். உனக்குப் போட்டேன். எனக்கு யாருய்யா போட்டா? அடுக்களையில குழம்புச் சட்டியில சோத்தப் போட்டுப் பிசைஞ்சு நின்னுக்கிட்டே தின்னுட்டு வந்து, பாத்திரம் தேய்க்க உக்காருவேன்."

கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும் போலிருக்கு என்கிற மாதிரி சொன்னார். பந்திக்கு முந்து என்பார்கள். யார் முந்தலாம் என்பதற்கு நம் வீடுகளில் ஒரு சட்டம் இருந்தது. அதை யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும்.

சாப்பிட உட்காருகிற இடம் சின்ன விஷயம் என்று நினைக்கிறவர்களுக்கு எங்கள் ஊர்ப் பக்கத்துச் சரித்திரம் ஒன்று. அம்பாசமுத்திரத்திலிருந்து திருநெல்வேலி போகிற வழியில் சேரன்மகாதேவி. வ.வே.சு. ஐயர் அங்கே நடத்திய குருகுலத்தில் இரண்டு பிராமணச் சிறுவர்களுக்கு மட்டும் தனி இடத்தில் சாப்பாடு. காங்கிரஸ் பணம் வாங்கி நடக்கிற இடத்தில் இப்படியா என்று வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கேட்டார்கள். 1924, 1925ல் தமிழ்நாட்டுக் காங்கிரஸையே உலுக்கிய சண்டை அது. சண்டை சாப்பாட்டைப் பற்றியே இல்லை. எந்த இடத்தில், யாரோடு உட்கார்ந்து என்பதைப் பற்றி. ஊர் அளவில் அது ஜாதி. வீட்டுக்குள்ளே அதே கேள்வி பொம்பளைகளைப் பற்றியது. முதல் கேள்விக்கு நான் எப்போதும் சரியான பக்கம்தான் பேசுவேன். இரண்டாவதை என் வீட்டு மேசையில் யாரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

அதனால் மேட் விஷயத்தில் என் கட்சியை மாற்றிக்கொண்டேன். மேட் போடலாம். ஆனால் மேசையைக் காப்பாற்ற இல்லை. விருந்தாளி பார்க்க வேண்டும் என்பதற்கும் இல்லை. இரண்டே காரணம்.

ஒன்று, ஆளுக்கு ஒரு மேட் என்றால் ஆளுக்கு ஒரு இடம். தடுக்கு செய்த அதே வேலை. மேட் விரித்திருக்கிறது, ஆள் வரவில்லை என்றால் பளிச்சென்று தெரியும். "எல்லாரும் சாப்பிடுங்க, நான் அப்புறம் சாப்பிடுறேன்" என்று அடுக்களையிலேயே நின்றுகொண்டிருக்க முடியாது.

இரண்டு, ஆளுக்கு ஒரு இடம் என்றால் ஆளுக்கு ஒரு கணக்கு. மேசை ஜாயின்ட் அக்கவுன்ட், மேட் அவரவர் சொந்த அக்கவுன்ட். சிந்தியது யார் என்று கேட்கவே வேண்டாம், மேட்டே சொல்லும். சஸ்பென்ஸில் போட வழியில்லை.

இதற்கு ஒரே ஒரு நிபந்தனை. அவரவர் மேட்டை அவரவர் கழுவி வைக்க வேண்டும். இது நடக்காத வீட்டில் தயவுசெய்து மேட் வாங்காதீர்கள். அந்த வீட்டில் மேட் என்பது அம்மாவுக்குக் கூடுதலாக நாலு பாத்திரம், அவ்வளவுதான். வெறும் மேசை எவ்வளவோ மேல்.

எங்கள் வீட்டில் இதை அமல்படுத்தியது சுலபமாக நடக்கவில்லை. பையன் முதல் வாரம் மேட்டைத் தண்ணீரில் காட்டிவிட்டு ஓடினான். நான் மூணாம் நாளே மறந்து போய்க் கை கழுவிவிட்டு நியூஸ் பார்க்க உட்கார்ந்தேன். திரும்பிப் பார்த்தால் என் மேட் மட்டும் மேசையில் அப்படியே, பருப்புக் கறையோடு. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. யாரும் எடுக்கவும் இல்லை. ராத்திரி சாப்பாட்டுக்கு அதே மேட்டில் எனக்குத் தட்டு வந்தது. ஆடிட்டில் மெமோ வாங்கின மாதிரி இருந்தது. அன்றிலிருந்து மறப்பதில்லை.

அம்மாவுக்கு முட்டி வலி, சிங்க் பக்கம் நிற்க முடியாது. அவர் மேட்டைப் பையன் கழுவுகிறான். "நான் உனக்கு எவ்வளவு கழுவிருப்பேன்" என்று ஆச்சி அவனைக் கேட்கும்போதெல்லாம் அவனுக்கு வெட்கமாகிவிடும்.

இனி, எந்த மேட் என்று கேட்பவர்களுக்கு.

பி.வி.சி. வேண்டாம், மேலே சொன்ன கதையே போதும். துணி மேட் பார்க்க நல்லாயிருக்கும். ஆனால் நம் சாப்பாட்டில் மஞ்சள் இருக்கிறது. சோப்புப் போட்டால் மஞ்சள் கறை சிவப்பாக மாறிப் பயமுறுத்தும், கவலைப்பட வேண்டாம். நன்றாக அலசி வெயிலில் போட்டால் தானாக வெளிறும். மஞ்சளுக்கு வெயில்தான் எதிரி. வெயில் இருக்கிற ஊரில் இருப்பவர்கள் துணி வாங்கலாம். லண்டன், டொரன்டோ மக்கள் யோசிக்கவும்.

2025 மே மாசம் லீவில் ஊருக்குப் போனபோது பத்தமடைக்குப் போனேன். சேரன்மகாதேவிக்குப் பக்கத்து ஊர்தான். தாமிரபரணிக் கரைக் கோரையை மெல்லிசாகக் கிழித்து, ஊற வைத்து, காய வைத்து, பருத்தி நூல் பாவில் நெய்கிற பாய். புவிசார் குறியீடு பெற்றது. 1953ல் எலிசபெத் ராணியின் முடிசூட்டுக்கு இங்கிருந்து பாய் போனதை ஊரில் இன்றைக்கும் சொல்வார்கள். உட்காருகிற பாய், படுக்கிற பாய், மணமக்கள் பேர் போட்ட கல்யாணப் பாய் எல்லாம் நெய்த கைகள் இப்போது மேசை மேட்டும் நெய்கின்றன. அஞ்சு வாங்கி வந்தேன். மேசையில் விரித்தபோது வீட்டில் ஊர் வாசனை வந்தது. பொய் சொல்லவில்லை, நிஜமாகவே கோரை வாசனை.

ஆகஸ்டுக்குள் பூஞ்சை பிடித்துவிட்டது. கேம்பல் பேயின் மழையையும் காற்றில் இருக்கிற ஈரத்தையும் நான் கணக்கில் எடுக்கவில்லை. தப்பு பாயின் மேல் இல்லை. துடைத்து, நிறுத்தி வைத்து, வெயில் காட்ட வேண்டிய சாமான் அது. இங்கே மழைக்காலத்தில் வெயிலை எங்கே தேட? வெயில் கிடைத்த நாட்களில் தட்டி உலர்த்தி எடுத்து வைத்திருக்கிறேன். பொங்கலுக்கு வெளியே வந்தது.

தினப்படிக்கு இப்போது சிலிக்கான் மேட். சாம்பல் நிறம், ஒரு அழகும் கிடையாது. ஆனால் இருநூறு டிகிரி சூடு தாங்கும், குழாயில் காட்டினால் சுத்தம், பூஞ்சை பிடிப்பதில்லை. ஊர் வாசனை வேண்டும் என்பது என் ஆசை. என் ஆசைக்காக இன்னொருத்தர் பாயை உலர்த்திக்கொண்டிருக்கக் கூடாது என்பது புதுச் சட்டம்.

வெள்ளை வட்டம் இன்னும் மேசையில் இருக்கிறது. தச்சர் சரி செய்து தருகிறேன் என்றார். நான்தான் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். குக்கரைத் தூக்கும்போதெல்லாம் கண்ணில் படட்டும்.

டிசம்பரில் பெண் லீவுக்கு வந்தாள். முதல் நாள் ராத்திரி அஞ்சாவது மேட்டை அம்மாதான் எடுத்து விரித்தார். அவள் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, "என் எலுமிச்சம்பழம் எங்கப்பா?" என்றாள். செடித்தொட்டிகளுக்கு அடியில் இருக்கிறது என்று காட்டினேன். அவளுக்கு லேசாகக் கோபம். தன் மேட்டைக் கழுவி நிறுத்தி வைத்துவிட்டு வந்து, "சரி, இது நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

இன்றைக்கு மதியம் நாலு மேட் விரித்திருந்தது. தங்கமணி அப்பளத்தட்டோடு வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு யாருக்கோ மோர் வேண்டியிருந்தது. எழுந்தது நான்.

உங்கள் வீட்டில் மேட் இருக்கிறதா? இருந்தால் அதைக் கழுவுவது யார் என்று மட்டும் இன்றைக்கு ராத்திரி கவனித்துப் பாருங்கள்.